சின்னத்துரைக்குக் கப்பல் சீட்டு இல்லை

மாத்தளை ஸ்டேஷன் ரயில் ஜன்னலில் இன்னமும் எனக்குக் கையசைத்துக்கொண்டிருக்கும் பெரியண்ணனுக்கு,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. முதல் திவசத்துக்குள் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிவிடுவதாக அம்மனிடம் நேர்ந்திருக்கிறேன். இருபது வருசத்துக்கும் மேலாக உங்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு பொய் சொல்லி வந்தேன். சின்னத்துரையைப் பற்றிய பொய்.

இதைப் படிக்கிற மற்றவர்கள் ஏதோ தோட்டத்துத் துரை என்று நினைப்பார்கள். சின்னத்துரை ஒரு குட்டிக்கிளி. குருவி அளவுதான் இருக்கும். உடம்பெல்லாம் பச்சை, தலையில் சிவப்புத் தொப்பி. இரத்தோட்டைக்கு மேலே நம் தோட்டத்துக் கித்துள் மரத்தில் கட்டிய முட்டியிலிருந்து கள்ளைக் குடித்துவிட்டு, கீழே மல்லாந்து கிடந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். "இங்க பாரு தங்கச்சி, நம்ம சின்னத்தொரை தண்ணியப் போட்டுட்டு ரோட்டுல கெடந்தாரு. மானம் போயிருமேன்னு தூக்கியாந்துட்டேன்" என்றீர்கள். லயத்தின் வரிசை வீடுகளெல்லாம் சிரித்தன. பொழுது சாய்ந்ததும் அது வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கியது. செத்துவிட்டதென்று நான் அழுதேன். "அட, தூங்குது புள்ள. அது தூங்குற தினுசே அப்பிடித்தான்" என்று தலையில் குட்டினீர்கள்.

அம்மாவும் அப்பாவும் அந்தத் தோட்டத்து மண்ணுக்குள் போன பிறகு, இரண்டு அரசாங்கங்களும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டதில், ஒரே அறையில் பிறந்த நம் இரண்டு பேருக்கும் இரண்டு நாடு வந்தது. உங்களுக்கு இந்தியா. உங்கள் மச்சானுக்கு இலங்கை என்று வந்ததால் அவரைக் கட்டிய எனக்கும் இலங்கை. நான் எந்த மனுவும் போடவில்லை, கழுத்தைத்தான் நீட்டினேன்.

ஸ்டேஷனில் மூங்கில் கூண்டை என் கையில் கொடுத்தீர்கள். பெர்மிட் இல்லாமல் பறவையைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

"பெர்மிட் வாங்கி யாராச்சும் வர்றவங்க கையில குடுத்துவுடு. அக்கரைக்குப் போனா எனக்குன்னு இருக்கப்போறது அது ஒண்ணுதான்."

"ஏன், நாங்கல்லாம் இல்லையா?"

"இருக்கீங்க. உங்களக் கூண்டுல போட்டுக் கொண்டுபோக முடியுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ரயில் நகர்ந்தபோதும் அந்தச் சிரிப்பை விடவில்லை. அதனால்தான் அந்த முகத்தை என்னால் இன்றுவரை நினைத்துப் பார்க்க முடிவதில்லை, மறக்கவும் முடிவதில்லை.

பஸ் போர்டையும் மருந்துச் சீட்டையும் எழுத்துக்கூட்டிப் படித்த சிங்களத்தில் வனவிலங்கு அலுவலகத்துக்கு நானே மனு எழுதினேன். எதையும் சரியாகச் செய்ய வேண்டும் எனக்கு, உங்களுக்குத் தெரியும். கிளி எத்தனை, என்ன நிறம், எங்கே பிடித்தது, யார் வீட்டில் இருக்கிறது, வீட்டுக்கு எந்த வழியாக வர வேண்டும், எல்லாம் எழுதினேன். மூன்று வாரத்தில் பதிலும் வந்தது, ஒரு அதிகாரியும் வந்தார்.

சிங்களவர், நல்ல மனிதர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார். கூண்டைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"அக்கே, யாரு உங்களுக்கு லெட்டர் எழுதச் சொன்னது? ஊர்ல எத்தனை பேர் இந்தக் குட்டிக்கிளி, கிராமலித்தா, வளர்க்கிறாங்க. ஒருத்தரும் எழுதல்ல."

"கேக்காம வச்சிருந்தா தப்புன்னு நெனச்சேங்க."

"கேட்டாலும் தப்புதான். இது நம்ம நாட்டுல மட்டும் இருக்கிற ஜாதி. வீட்டுல வைக்கவும் ஏலாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் ஏலாது. ஆசைன்னா கடையில லவ்பேர்ட்ஸ் வாங்குங்க. அது வெளிநாட்டுக் குருவி, கேள்வி இல்ல."

"இது இங்கயே பொறந்ததுங்களே ஐயா?"

"அதனாலதான் அக்கே."

எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். தேத்தண்ணி போடத்தான் போனேன் என்று அவர் நினைத்திருப்பார். ஒரு கிழமையில் திரும்பி வருவேன், அதற்குள் விட்டுவிட்டால் வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூண்டை முந்தானையால் மூடிக்கொண்டு இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். நம் லயத்துக்குப் பின்னால், முள்முருங்கை மரத்தடியில் கதவைத் திறந்தேன். அது உடனே போகவில்லை. கதவுக் கம்பியில் தலைகீழாகத் தொங்கி என்னையே பார்த்தது. போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அதுவாகத்தான் போனது.

அதற்கடுத்த வாரம் கோத்தகிரியிலிருந்து உங்கள் முதல் கடிதம். 'இங்கே குளிர் கடுமை. எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள். சின்னத்துரை சுகமா? பெர்மிட் என்ன ஆயிற்று?' எப்படி எழுதுவேன் அண்ணே? அலுவலகத்துப் பதிலில் பாதியை மட்டும் தமிழில் எழுதி அனுப்பினேன். இந்த நாட்டில் மட்டும் வாழும் பறவை என்பதால் வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை என்ற பாதியை. வீட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்ற பாதியை எழுதவில்லை. 'சின்னத்துரை சுகம். கொய்யாப்பழம் தின்கிறான்' என்று முடித்தேன்.

ஒரு தடவை சொன்னது பிறகு நிற்கவில்லை. முன்னுக்குப் பின் முரணாகிவிடக் கூடாதே என்று, எழுதியதைக் குறித்துவைக்க ஒரு நோட்டுக் கொப்பி போட்டேன். தை மாதம் இறகு உதிர்த்தான் என்று எழுதியாயிற்று. ஆனியில் என் விரலைக் கடித்தான். ஐப்பசியில் மழைக்கு நடுங்கினான், துணி போர்த்தினேன். வீட்டுக் கணக்கைவிட ஒழுங்காக எழுதினேன். அதை எழுதுகிற நாளில் விளக்கேற்றக் கை கூசும். அம்மன் படத்தைப் பார்க்காமலே திரியைத் தூண்டிவிடுவேன்.

என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் உங்கள் மச்சான் ஒரு ஜோடி லவ்பேர்ட்ஸ் வாங்கி வந்தார். கலவரத்தில் உங்கள் கடிதங்களையும் கொப்பியையும் மட்டும் அள்ளிக்கொண்டு நாங்கள் வீட்டை விட்டு ஓடிய நாளில் அவற்றையும் திறந்துவிட்டேன். வெளிநாட்டுக் குருவிகளுக்கு இங்கே இரை தேடத் தெரிந்திருக்குமா? ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கூண்டும் இல்லை, கூரையும் இல்லை. உங்களுக்கு மட்டும் 'நாங்களும் சின்னத்துரையும் சுகம்' என்று எழுதினேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் உங்கள் மகள் தேவி இங்கே வந்திருந்தாள். பேச்சு வார்த்தைக் காலம், சண்டை ஓய்ந்திருக்கிறது, இப்போது வந்தால்தான் உண்டு என்று போனில் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். "அத்தே, அப்பா சொல்லிக்கிட்டே இருந்த அந்தக் கிளிய நான் பாக்கணும்."

என்ன செய்தேன் தெரியுமா? பறவைக் கடைக்குப் போனேன். நம் காலத்து மாதிரி இல்லை அண்ணே. மஞ்சள், நீலம், வெள்ளை, உள்ளங்கைக்குள் அடங்குகிற கிளிகூட இருக்கிறது, எல்லாம் வெளிநாடு. சிவப்புத் தொப்பி வைத்த பச்சைக் குட்டி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள ஒண்ணு கெடக்கு. பில்லுல வெளிநாடுன்னு போட்டுத் தாறேன். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"இது இரத்தோட்டைப் பக்கத்துக் குருவியில்லையா?"

"பேப்பர்ல வெளிநாடுன்னா வெளிநாடுதான் அம்மா."

பின்கட்டில், மாவு டின்னுக்குப் பக்கத்தில், அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில். கை நீட்டிவிட்டேன். உயிருள்ள ஒன்றை வைத்துப் பொய் சொல்லப் போகிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அதை அங்கே விட்டுவந்ததும் பாவம்தானோ? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தேவி வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்ப் பையிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுத்து வந்தாள். என் கடிதங்கள், ஒன்று விடாமல். மேலே அந்தப் பாதிப் பதில், மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப் போட்டு.

"இத வேலைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டுவாரு அத்தே. 'பாத்தியா, எங்க கிளிய அந்த நாட்டவிட்டு ஒருத்தனாலயும் கப்பல் ஏத்த முடியாது. கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு'ன்னு. அப்பிடிச் சிரிப்பாரு."

பிறகு இன்னொரு கடிதத்தைப் பிரித்தாள். "இதுல மட்டும் பென்சில்ல கோடு போட்டிருக்காரு. ஏன் அத்தே?"

'சின்னத்துரை தினையை அழகாக உரித்துத் தின்கிறான்.' லவ்பேர்ட்ஸைப் பார்த்துக்கொண்டே எழுதிய வரி. நம் சின்னத்துரை பூந்தேனையும் கனிந்த பழத்தையும் தவிர எதைத் தின்றான்? ஒரு தானியமாவது தொட்டானா? இத்தனை வருசம் கொப்பி போட்டுக் காத்த பொய், இதில் வழுக்கியிருக்கிறது. உங்கள் கடிதங்களை எடுத்துத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். அதுவரை தவறாமல் கேட்டு வந்த நீங்கள், அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஒருமுறைகூடக் கிளி என்ன தின்கிறது என்று கேட்கவில்லை. 'சின்னத்துரை சுகமா?' அவ்வளவுதான்.

அப்போதே தெரிந்துவிட்டதா அண்ணே? தெரிந்தும் ஏன் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்? எனக்காகவா? இல்லை, உங்களுடையது ஒன்று இங்கே சுகமாக இருக்கிறது என்று யாராவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருந்ததா?

மறுநாள் தேவியை முள்முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். மரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்திருந்தது. கழுத்து வலிக்க மேலேயே பார்த்து நின்றோம். பூவுக்குள்ளிருந்து அந்தக் கீச்சொலி இரண்டு தடவை கேட்டது. தேவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பறவையை நாங்கள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அம்மன் படத்தை நிமிர்ந்து பார்த்து விளக்கேற்றிவிட்டு, கொப்பியில் எழுதினேன்: 'இன்று சத்தம் கேட்டது. பார்க்கவில்லை.' அந்தக் கொப்பியில் நான் எழுதிய முதல் உண்மை இது. கால் நடக்கிற வரைக்கும் வருசா வருசம் முள்முருங்கை பூக்கிற நேரம் அங்கே போவேன். பார்த்தால் பார்த்தேன் என்று எழுதுவேன். பார்க்காவிட்டால் பார்க்கவில்லை என்றுதான் எழுதுவேன், அண்ணே. சுகம் என்று இனி இட்டுக்கட்டி எழுத மாட்டேன்.

கழுத்தை நீட்டியதால் இந்தக் கரையில் தங்கிவிட்ட,
உங்கள் ஒரே தங்கச்சி
பாக்கியம்