ஷூ லேஸில் அளந்த வட்டம்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை மட்டும் வரக் காணோம். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் இங்கே: இன்று மகளின் வீட்டுப்பாடத்தைத் தின்றுவிட்டேன்.

ஷூ கம்பெனியிலிருந்து வந்த பசி. அடுப்பு மேடையில் தட்டு. தட்டில் சப்பாத்தி, துண்டு துண்டாக அழகாக வெட்டி. அட, நமக்காக ஒருத்தி என்று நெகிழ்ந்துபோய், நேற்றைய தக்காளித் தொக்கைத் தொட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். ஜெனி உள்ளே வந்தாள்.

"இன்னாமா, என் பின்னத்த துன்ட்டியா?"

"பின்னமா அது? சப்பாத்தின்னு நெனச்சேன். உப்பு கம்மி."

"எவ்ளோ துன்ன? அதையாவது சொல்லு, எழுதணும்."

"ஒரு கால். அதுக்கு மேல ஒரு அரைக்கால்."

விரலை மடக்கிப் பார்த்தாள். "எட்டுல மூணு," என்றாள். கோபத்திலும் கணக்கு வருகிறது. ஏழாவது படிக்கிறாள். நான் மூன்றாவதோடு நின்றவள். அப்பன் புத்தியாக இருக்காது, அவருக்குக் கோபம் வந்தால் பேச்சே வராது.

மாவு தீர்ந்தது. நாளை வாங்க.

ஜூலை 9, செவ்வாய்

சனிக்கிழமை பள்ளியில் கணக்கு நாளாம். டீச்சர் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மேலே 'கற்றல் விளைவுகள்'. எங்கள் தையல் லைனில் டார்கெட் பலகை தொங்குமே, அதே சாதி. ஜெனிக்கு வந்த வரி: 'வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள தொடர்பை மாணவர் தாமே கண்டறிவர்.' விட்டம் என்றால் நடுவழியாகக் குறுக்கே போகும் நீளம், ஜெனி சொன்னாள். தாமே கண்டறிவர்! எங்கள் சூப்பர்வைசர் ஒரு நாளும் இப்படி எழுதினதில்லை.

ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டு ஆள் ஒருத்தர் வர வேண்டும். நான் தலையைத் துவட்டிக்கொண்டே "நான் வர்றேன்" என்றேன்.

"அப்பா வரட்டும்."

"ஏண்டி?"

"நீ எல்லாரையும் கலாய்ப்ப. போன வருஷம் எச்.எம். மேடத்துகிட்ட, கொண்டை எத்தன டிகிரின்னு கேட்டல்ல. கிளாஸ்ல இன்னும் சொல்லி சிரிக்கிறாங்க."

அது நிஜமாகவே சாய்ந்துதான் இருந்தது. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. சுருக்கென்றது.

அவருக்குத் தோல் பதனிடும் டேனரியில் சனிக்கிழமை லோடு. வேறு வழியில்லாமல் நான். ஒரே கண்டிஷன்: "வாயத் தொறக்கக் கூடாது." சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் தலையில்தான்.

ஜூலை 10, புதன்

வீட்டில் வட்டமாக உள்ளவை: குக்கர் மூடி, சோத்துப் பானை மூடி, முறுக்குத் தட்டு, என் வளையல், அவர் தொப்பை (ஜெனி வேண்டாம் என்றுவிட்டாள்).

சணலை மூடியைச் சுற்றிப் பிடித்து வெட்டுகிறாள். வெட்டினதை மூடிக்குக் குறுக்கே, நடுவழியாக வைத்துப் பார்க்கிறாள். மூன்று முறை போகிறது, கொசுறாகக் கொஞ்சம் மிச்சம். வளையலுக்கும் மூன்று, கொசுறு. முறுக்குத் தட்டுக்கும் அதே.

நம்பவில்லை. இது ஏதோ பள்ளிக்கூடத்து மூடிக்கு மட்டும் நடக்கிற சமாசாரம் என்றிருந்தேன்.

ஜூலை 11, வியாழன்

கம்பெனி. சாப்பாட்டு நேரத்தில் டேப்பை எடுத்துப் பசை டப்பா, நூல் கண்டு, தண்ணீர் டிரம் எல்லாம் அளந்தேன். பக்கத்து மெஷின் ஷாஹீனின் டிபன் மூடியையும் விடவில்லை.

"இன்னா மேரி, மூடிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

"மூணும் கொசுறும் வருதா பாரு."

அவளே அளந்தாள். வந்தது. கண்ணை விரித்தாள். பிறகு "வந்தா வரட்டும், சாப்பிடு, சோறு ஆறுது" என்றாள்.

அத்தனை பெரிய டிரம்முக்கும் இத்துனூண்டு நூல் கண்டுக்கும் ஒரே பேச்சு. யார் சொல்லிக்கொடுத்தது? பஸ்ஸில் வரும்போது டயரைப் பார்த்தேன். அதற்கும் அப்படித்தானே இருக்கும். நாற்பத்தாறு வயதுவரை இதெல்லாம் தெரியாமல் பஸ் ஏறியிருக்கிறேன்.

கால் வீக்கம். எண்ணெய் தடவ.

ஜூலை 12, வெள்ளி

மழை. சணல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிட்டது. "தோல் ஊரு ஆம்பூர், அந்த ஊர் புள்ள சணல்ல அளந்தா ஊருக்கே அசிங்கம்டி" என்று சொல்லி, அவருடைய ரிசப்ஷன் ஷூவிலிருந்து தோல் லேஸை உருவிக் கொடுத்தேன். இடது காலுடையது மட்டும். மெல்லிசு, பளபளப்பு. ஜெனிக்கு ஒரே சந்தோஷம். அவரிடம் சொல்லவில்லை. டேனரி மேஸ்திரி மகன் ரிசப்ஷன் ஞாயிறு மாலைதான், அதற்குள் திரும்பக் கோத்துவிடலாம்.

ஜூலை 13, சனி

வெயில். நல்ல புடவை. வாய் மூடி.

ஜெனி மேசையைச் சுற்றி டீச்சர், பிள்ளைகள், அம்மாக்கள். லேஸைக் குக்கர் மூடியைச் சுற்றி இறுக்கி இழுத்தாள். பேனாவால் குறி. பிறகு மூடிக்குக் குறுக்கே வைத்தாள். மூன்றுகூட வரவில்லை! மறுபடி, இன்னும் இறுக்கி. இன்னும் கம்மி.

"வட்டம் இளைச்சிடுச்சா பாப்பா?" என்றது ஒரு அம்மா. சிரிப்பு. ஜெனிக்குக் காது சிவந்துவிட்டது.

எனக்குத் தெரிந்துவிட்டது. தோல், இழுத்தால் கொடுக்கும், விட்டால் சுருங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொன்ன பாடம். பெருமை பேசி லேஸைக் கொடுத்தவளும் நானே. சத்தியம் செய்தவளும் நானே. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

ஜெனி என்னைப் பார்த்தாள். "அம்மா, உனக்குத் தெரியும்ல? சொல்லும்மா."

முந்தானைக்குள்ளிருந்து, "தொறக்கலாமா?"

"தொற!"

சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தாள் ஞாபகம் வந்தது, தாமே கண்டறிவர். "அந்தக் குறிய டேபிள் மேல வச்சு, இழுக்காம ஒரு தபா பாரு. இழுத்து ஒரு தபா பாரு," என்று மட்டும் சொன்னேன்.

பார்த்தாள். "டீச்சர், லேஸ் நீளுது! சுத்தும்போது இழுத்துட்டேன், வைக்கும்போது விட்டுட்டேன்!" இந்த முறை இழுக்காமல் சுற்றினாள். மூன்று. கொசுறு. இளைச்சிடுச்சா கேட்ட அம்மாவே கை தட்டியது.

டீச்சருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. லேஸை அப்படியே சார்ட்டில் பசை போட்டு ஒட்டி, எச்.எம். அறையில் மாட்டிவிட்டார். எச்.எம். மேடம் கொண்டை இந்த வருடமும் சாய்வு. பேசவில்லை.

வரும் வழியில் ஜெனி: "அடுத்த வாட்டியும் நீயே வா."

ஜூலை 14, ஞாயிறு

பகலில் வெயில், மாலை காற்று. மட்டன் வாங்கவில்லை, ரிசப்ஷனில் பிரியாணி. கிளம்பும்போது அவசரம், அவர் பேண்ட் வேறு நீளம், குனிந்து பார்க்கவில்லை. போட்டோவுக்கு மேடை ஏறினோம். வீடியோக்காரர், "சார், ஒரு ஸ்டெப் முன்னால வாங்க" என்றார்.

அவர் வந்தார். இடது ஷூ வரவில்லை.

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.