பழைய மாணவன் என்று எழுதியது யார்

ஜெயங்கொண்டம்
10.9.2006

அன்புள்ள ஷாலினி,

மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீயும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் ஆண்டவர் அருளால் நலமாக இருப்பீர்கள். இங்கே அம்மாவும் நானும் உடம்பால் நலம், மனசைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி குறையவில்லை, இருந்தாலும் வெள்ளிக்கிழமை மாதா பிறந்தநாளுக்கு ஏலாக்குறிச்சிக்கு பஸ் ஏறிவிட்டாள். நான் பல்வலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டேன். போயிருந்தால் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கச் சொல்லியிருப்பாள். ஜூன் மாதத்திலிருந்து நான் நற்கருணை வாங்குவதில்லை என்பதை அவள் கவனித்துவிட்டாள், கேட்கத்தான் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளியின் பழைய மாணவர்களுக்காக இணையத்தில் நீ நடத்தும் குழுமத்தில், தலைமையாசிரியர் சவரியார் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர், அவர் கையில் பிள்ளைகளை விடலாமா என்று கேட்டு, ‘பழைய மாணவன்’ என்ற பெயரில் ஒரு மடல் வந்ததே, அதை எழுதியவன் நான்தான். அவர் போன வருடம் இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தபோது பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தது நான் என்பது உனக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் அலுவலகப் பீரோ சாவி என்னிடம் இருந்தது. விடுப்புக் கோப்பில் திருச்சி டாக்டர் கொடுத்த சான்றிதழைப் பார்த்தேன், பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கலாம். அவர் திரும்பி வந்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்தபோது, ரொம்ப நன்றி சார் என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டு எனக்குப் பொறுக்கவில்லை. எண்பத்தெட்டில் என்மேல் ஒரு மொட்டைக் கடிதம் போய், எனக்கு வரவேண்டிய பதவி அவருக்குப் போன கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். அதை எழுதியது அவர்தான் என்று பதினெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆதாரம் ஒன்றும் கிடையாது, இன்றைக்கும் அந்த நம்பிக்கை போகவில்லை.

போன கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்தபோது எனக்குத் தமிழில் அடிக்கக் கற்றுக்கொடுத்து, எந்த எழுத்துக்கு எந்தப் பொத்தான் என்று நோட்டில் எழுதியும் வைத்தாய். பேத்தியின் போட்டோ பார்க்கலாம் என்று கற்றுக்கொடுத்தாய், நான் அதை வைத்துக்கொண்டு இதைச் செய்தேன். அதன் பிறகு உங்கள் குழுமத்தில் பதினோரு நாள் நடந்த சண்டையை பஸ் ஸ்டாண்ட் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். உண்மையாக இருந்தால் எழுதலாம் என்றார்கள் சிலர், ஒருவருடைய நோய் ஊர்ச் சொத்தா என்று கேட்டார்கள் சிலர், எழுதியவன் பதிந்த முகவரியை வெளியே சொல் என்று உன்னைப் பிடித்து உலுக்கினார்கள். நீ அந்த மடலை நீக்கினாய், ஆனால் அந்த முகவரியைச் சொல்ல மாட்டேன், இன்றைக்கு ஒருவனைக் காட்டிக்கொடுத்தால் நாளைக்கு நிர்வாகத்தை எதிர்த்து ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று எழுதினாய். என் மகள் எவ்வளவு நன்றாக எழுதுகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது. சவரியாரின் மகள் மரிய புஷ்பம் உனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி, அவளே கேட்டும் நீ சொல்லவில்லை, அதோடு அவள் உன்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள் என்று போனில் அழுதாய். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

சவரியார் இப்போது காலை வழிபாட்டுக்கு வெளியே வருவதில்லை. ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் எவனோ மாத்திரைப் படம் வரைந்து வைத்தான், அதை அவரே அழித்துவிட்டுப் பாடம் நடத்தினார் என்று சொன்னார்கள். இவ்வளவுக்கும் நான் சும்மா இருந்திருப்பேன், என் குணம் அப்படி. ஆனால் பழி நல்லதம்பி மேல் விழுந்துவிட்டது. எழுத்தர் நல்லதம்பியை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் மாற்றுச் சான்றிதழைக்கூட முத்து முத்தாக எழுதிக்கொடுத்தவர். பீரோ சாவி அவரிடம் இருப்பதாலும், மடல் வந்த வாரத்தில் மகளின் நர்சிங் விண்ணப்பத்துக்காக அவர் பிரவுசிங் சென்டருக்குப் போன மூன்று நாளும் அங்குள்ள நோட்டில் பெயர் இருப்பதாலும் அவர்தான் என்று முடிவுகட்டி, தாளாளர் ஃபாதர் அவரைத் தற்காலிகமாக நீக்கிவிட்டார். வருகிறவர்கள் எல்லோரும் அந்த நோட்டில் பெயரும் கையெழுத்தும் போட வேண்டும். நான் போடவில்லை. கடைக்காரன் என்னிடம் படித்தவன், “உங்களுக்கு எதுக்கு சார் நோட்டு, நீங்க உக்காருங்க” என்று மரியாதை செய்தான்.

போன வாரம் நல்லதம்பி நம் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஃபாதர் கேப்பாரு. நான் அந்தப் பைலைத் தொட்டதுகூட இல்ல சார். உங்களுக்குத் தெரியாதா” என்றார். எனக்குத் தெரியாதா என்று அவர் வேறொன்றும் நினைக்காமல்தான் கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அம்மா காபி கொண்டுவருவதற்குள் அவர் போய்விட்டார்.

இருபத்தைந்தாம் தேதி விசாரணை. அன்றைக்கு அவர் வேலை போகும். உன்னிடம் ‘பழைய மாணவன்’ பதிந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. வைக்கவே கூடாது என்று நீ சொன்ன பாஸ்வேர்டைத்தான் அதற்கு வைத்தேன், உன் பிறந்த தேதி. திறந்து பார்த்தால் நான் அனுப்பியது அப்படியே இருக்கும். யாரைக் காப்பாற்ற நீ வாக்குக் கொடுத்தாயோ அவனே உன்னை அந்த வாக்கிலிருந்து விடுவிக்கிறேன், ஃபாதருக்கு எழுதிவிடு. மரிய புஷ்பத்துக்கும் எழுது. நானே போய்ச் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நேற்று ஃபாதர் பங்களா வாசல்வரை போனேன். உள்ளே சவரியார் உட்கார்ந்திருந்தார், திரும்பி வந்துவிட்டேன்.

பேத்திக்கு என் முத்தம். உங்கள் மூவரையும் மாதா காக்கட்டும். இருபத்தைந்தாம் தேதியை மறந்துவிடாதே. அம்மாவிடம் நீ சொல்ல வேண்டாம், அதையாவது நான் சொல்கிறேன்.

அடியில் பெயர் எழுத மூன்று தடவை பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். பெயர் இல்லாவிட்டால், நீ இதைக் கிழித்துப் போடவும் வழி இருக்கும், உன்னைக் கட்டாயப்படுத்தியதாக ஆகாது என்று முதலில் நினைத்தேன். அது சமாதானம்தான். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். என் கையெழுத்து உனக்குத் தெரியும், ஃபாதருக்கும் தெரியும். யாரிடம் காட்டுவது என்பதை உன்னிடம் விட்டுவிட்டு, பெயர் போடாமலேயே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.