முள் இப்போது சரியாகக் காட்டுகிறது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன், போனில் கேட்டால்தான் எல்லாவற்றுக்கும் "ம்" என்கிறாயே. இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து கத்துவாய், அதனால்தான் கடிதம். முழுதாகப் படித்துவிட்டுக் கத்து.

நீ அனுப்பிய புது டீசல் மீட்டர் வந்து சேர்ந்தது. படகில் மாட்டவில்லை. அதற்குள் கோபப்படாதே. பழையது குறைத்துக் காட்டுகிறது, தூக்கிப் போடு என்று எழுதியிருந்தாய். அது எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாக அந்தப் படகை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓட்டுகிறேன், முள் பாதியில் நின்றால் முக்கால் டேங்க், சைபரில் நின்றால் கால் டேங்க், எல்லாம் மனப்பாடம். ஒரு நாள்கூட டீசல் இல்லாமல் நின்றதில்லை. உன் தங்கை படகு ஓட்ட லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் வம்பு. "ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள கால் டேங்க் கூட்டிக்கிட்டா ஓட்டுவாங்க? அப்புறம் மீட்டர் எதுக்கும்மா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், நான்தான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

உன் அப்பாவுக்கு ரேடியோ கடையை மூடி ஆறு வருடமாகியும் கை சும்மா இருக்காது. புதுசை மாட்டுவதற்கு முன் பழசுக்கு என்ன நோய் என்று பார்த்துவிடுகிறேன் என்று மீட்டரைக் கழற்றிச் சமையலறை மேசையில் பரப்பிவிட்டார். இரண்டு நாள் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கடைசியில் பார்த்தால் மீட்டரில் ஒரு குறையும் இல்லை, டேங்க்குக்குள் இருக்கிற மிதவையோடு சேர்ந்த எர்த் வயரின் முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை வைத்து இறுக்கினார். நீ அனுப்பியதை மாட்டியிருந்தாலும் அதுவும் இதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். டேங்க்கை முழுக்க நிரப்பினோம், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக முள் முழுசில் போய் நின்றது. அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், ஏதோ கப்பலே கட்டி மிதக்கவிட்ட மாதிரி.

ஒன்பது நாள் ஒழுங்காக ஓடியது. பத்தாம் நாள் காலை எட்டு மணி நடை, ஆஸ்பத்திரி நர்சுகள், வங்கிக்காரர் என்று மொத்தம் பதினொரு பேர். முள் சைபரை ஒட்டி நின்றது. பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன், பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்னும் கால் டேங்க் இருக்கிறது, மத்தியானம் நிரப்பிக்கொள்ளலாம் என்று கயிற்றை அவிழ்த்தேன். நடு ஆற்றில் இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அப்போதும் டீசல் என்று தோன்றவில்லை, ஃபில்டர் அடைப்பு என்று குனிந்து குடைந்துகொண்டிருக்கிறேன், நீரோட்டம் படகை ரயில் பாலத்தின் தூண் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. நங்கூரம் முதல் தடவை பிடிக்கவில்லை, இரண்டாவது தடவை பிடித்தபோது தூணுக்கும் எங்களுக்கும் இரண்டு படகு நீளம்தான் மிச்சம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பெண் ஒருத்தி, "அக்கா, முள்ளு சைபர்ல நிக்குதே, நீங்க பாக்கலையா?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மீன்படகுக்காரர் ஒருவர் வந்து கட்டி இழுத்துக் கரைசேர்த்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, வங்கிக்காரர்தான் தாமதமானதற்கு இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

அப்பா திட்டவில்லை, "நான்தான் அதைச் சரிபண்ணி உன்னைக் கெடுத்துட்டேன்" என்று தன் தலையில் போட்டுக்கொண்டார். அதெல்லாம் சமாதானம். மீட்டருக்குக் கீழே "காட்டுவதுதான் இருக்கிறது" என்று தாளில் எழுதி ஒட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். தாளைப் படிக்கிறேன், முள்ளைப் பார்க்கிறேன், மனசு கால் டேங்க்கைக் கூட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறது. போன திங்கட்கிழமை சாவியை உன் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானே கொடுத்தேன். "கொஞ்ச நாளைக்குத்தானேம்மா" என்றாள், இல்லை என்றேன். இப்போது பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறேன். வருத்தம் இருக்கிறது, இல்லை என்று உன்னிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? பெற்ற பெண்ணாகவே இருந்தாலும், நான் நின்ற இடத்தில் இன்னொருத்தி நிற்பதைப் பார்த்துப் பழக வேண்டியிருக்கிறது. நான் அப்பவே சொன்னேன் என்று மட்டும் ஆரம்பிக்காதே. நீ மாற்றச் சொன்னது மீட்டரை.

நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இரு. ஒன்றை மறந்துவிடாதே. போன மாதம் காரில் இருந்து வீடியோவில் பேசியபோது உன் முன்னால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. கேட்டதற்கு, "அது அப்படித்தாம்மா எரியும், ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியும்" என்றாய். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போ.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா