வெறும் வாயுதான்

அன்புள்ள அத்தானுக்கு,

என் முகம் உங்களுக்கு மறந்துபோய் நாளாகிவிட்டது. கையெழுத்து மட்டும் இன்னும் தெரிகிறது. வாயால் சொன்னால் கேட்காத நீங்கள், நான் எழுதிவைத்தால் கேட்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வெறும் வாயுதான். நேற்று சாரலில் நீங்கள் ஐந்தருவிப் பக்கம் நடந்துவிட்டீர்கள். தேடி ஓடி வந்ததில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து இடது கையைத் தூக்க முடியவில்லை. நல்லவேளை, எழுதுவது வலது கை.

பையில் துண்டு, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் வைத்துவிட்டேன். கம்மலைக் கழற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். அது நம் மகள் ஷாரோனுக்கு.

பக்கத்து வீட்டுச் சுகிர்தம் உங்களோடு இருப்பாள். அவளை அடிக்காதீர்கள். ஊட்டினால் சாப்பிடுங்கள். கதவைத் திறந்துகொண்டு மட்டும் போய்விடாதீர்கள், அத்தான். தேடி வர நான் இருக்கமாட்டேன். இன்றைக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

"யக்கா, ஆம்புலன்ஸ் வந்துட்டு! எழுதினது போதும், வாங்க!" என்று சுகிர்தம் வாசலில் நின்று கத்துகிறாள்.

அந்தச் சத்தத்தில் நீங்கள் விழித்துவிட்டீர்கள். என் பையைப் பார்த்து, "எங்கம்மா போறீய?" என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கு என்றேன்.

"பயப்படாம போயிட்டு வாங்க தாயி. எங்க வீட்டுக்காரி இப்பம் வந்துருவா. ஒங்களப் போய்ப் பாக்கச் சொல்லுதேன்."

சொல்லுங்கள் அத்தான். கட்டாயம் வரச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி