பழைய முகத்துக்காரி

ஜனவரி 29, திங்கள்

நாளை காலை ஏழரைக்கு அறுவை. கடைசியாக எதைக் கடித்துச் சாப்பிடலாம் என்று பகல் முழுக்க யோசித்து, கடைசியில் மொறுமொறு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றேன். வழக்கம்போல முன்பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. பக்கவாட்டில் திணித்துத்தான் உடைத்தேன். நாற்பத்தாறு வருஷமாக என் கீழ்த்தாடை மேல்தாடையை முந்திக்கொண்டு நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்கு 'இழுப்பறை' என்று பெயர். மூடாமல் விட்ட மேசை இழுப்பறை.

கண்ணாடி முன் நின்று மோவாயைப் பார்த்து, "இன்னையோட நீ ஒழிஞ்சே," என்றேன். ஹோகன் பின்னால் நின்று சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். "ம்," என்றான்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவன் என்னிடம் அதிகமாகச் சொன்னது அந்த 'ம்'தான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறான். பகல் முழுக்க உயரத்தில், தனியாக. நான் முடி வெட்டுகிறவள், பகல் முழுக்கப் பேச்சு. வீட்டுக்கு வந்தும் நான்தான் பேசுவேன். யாராவது பேச வேண்டாமா?

ஜனவரி 31, புதன் — மருத்துவமனை

இருக்கிறேன். வாய் திறக்காது.

பிப்ரவரி 1, வியாழன்

மேல்தாடையை முன்னால் நகர்த்தி, கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளி, தகடும் திருகாணியும் வைத்திருக்கிறார்கள். மேல் பல்லையும் கீழ் பல்லையும் ரப்பர் வளையங்கள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. ஆறு வாரம். கீழுதடு யாருடையதோ, எனக்குத் தெரியவில்லை. எச்சில் வடிந்தால் சட்டை நனைந்த பிறகுதான் தெரிகிறது. ஊசிக்குழாயில் அவுரிநெல்லிப் பழக் கஞ்சியை எடுத்துக் கன்னத்தின் ஓரமாக விடுகிறார்கள்.

பக்கத்துக் கட்டிலில் தீல்டா. இருபத்திரண்டு வயது. அதே நாள், அதே அறுவை. அவளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்த மாதிரி லேசாக வீக்கம், அவ்வளவுதான். நான் ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நகர்ந்து வழி விட்டேன். செவிலி, "அவ சின்னப் பொண்ணு, சீக்கிரம் வடிஞ்சிடும்," என்று என்னைச் சமாதானம் செய்கிறாள். அதில் என்ன சமாதானம்? பொறாமையாக இருக்கிறது. எழுதிவிட்டால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

ஹோகன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஜன்னலைப் பார்த்தான், வெந்நீர்க் குழாயைப் பார்த்தான், தீல்டாவின் பூக்களைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, சனி — வீடு

பேச முடியாது என்பதால் ஐந்து குறிப்பேடு வாங்கி வைத்திருக்கிறான் ஹோகன். எல்லாவற்றையும் எழுதித்தான் காட்டுகிறேன். படிக்கட்டில் குடியிருப்புச் சங்கத் தலைவர் ரூனே, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டார். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். கிழவர் கண்ணாடியைத் தேடி எடுத்து முழுவதும் படித்தார். தபால்காரிக்கு ஒரு பக்கம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

போர்வை எடுக்கக் கீழ்த்தளச் சேமிப்பறைக்குப் போனேன். அங்கே பனிச்சறுக்குப் பலகைகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஹோகன் இறைச்சி உருண்டை தின்றுகொண்டிருந்தான். டப்பாவிலிருந்து, கையால்.

"உன் முன்னாடி மெல்ல மனசு வரல," என்றான்.

மேசையில் உட்கார்ந்து சாப்பிடு என்று எழுதினேன். பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு. தலையை ஆட்டினான். அழுகை வந்தது எனக்கு, மூக்கு அடைத்துக்கொள்ளும் என்று அடக்கினேன்.

பிப்ரவரி 8, வியாழன்

வியாழக்கிழமைதோறும் இங்கே எல்லா வீட்டிலும் வைக்கிற பட்டாணிக் கஞ்சியை மூன்று தடவை வடிகட்டிக் குடித்தேன். ஹோகன் வீட்டில் இல்லை. தரைத்தளத்து அனெலி வீட்டில் சாப்பிடுகிறான்.

அனெலி இலையுதிர் காலத்தில் குடிவந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, தனியாள். ஹோகன் சேமிப்பறையில் தின்பதைப் பார்த்துவிட்டு, இங்கே வந்து உட்கார்ந்து சாப்பிடுங்க என்றாளாம். நல்ல மனசு. எனக்கு அவளுடைய பற்கள்தான் ஞாபகம் வருகின்றன. படி ஏறும்போதே ஆப்பிளைக் கடித்துக்கொண்டு ஏறுவாள். சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்கும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று ஊரெல்லாம் கிரீம் ரொட்டி தின்கிற நாள். ஹோகன் ஏழு மணிக்கு வந்தான். கம்பளிச் சட்டையின் மார்பில் மாவுச் சர்க்கரை. தட்டிவிட்டுக்கூட வரவில்லை, அல்லது தட்டிவிட அங்கே யாருக்கும் நினைப்பு வரவில்லை. எது தேவலை என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

நான்தான் போகச் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. போகாதே என்று எழுதவும் கை வரவில்லை. ஒரு வாரமாக அவன் என் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுகிறான். வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது. மோவாய் அழகாக உள்ளே போயிருக்கிறது. செவிலிகூடச் சொன்னாள், உங்க முகம் எவ்வளவு மென்மையா ஆயிடுச்சு என்று. அவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

கட்டடத்துப் பொதுத் துவைப்பறையில் நேரம் குறிக்கிற பலகையைப் பார்த்தேன். யாருக்கு எந்த நேரம் வேண்டுமோ அந்தக் கட்டத்தில் அவரவர் வீட்டுப் பூட்டை மாட்ட வேண்டும். எங்கள் வீட்டுப் பூட்டு புதன்கிழமை மாலை நான்கிலிருந்து ஏழு. அதற்கடுத்த கட்டத்தில் அனெலி வீட்டுப் பூட்டு. இந்த வாரமும், அடுத்த வாரமும், அதற்கடுத்ததும். பத்தொன்பது வருஷமாக நாங்கள் சனிக்கிழமை துவைப்பவர்கள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஆறு மணிக்கு அனெலி வீட்டு வாசலில் குனிந்து, கதவில் தபால் போடுகிற பிளவில் காது வைத்தேன்.

அவன் பேசிக்கொண்டிருந்தான். ஹோகன். என்ன பேசுகிறான் என்று புரியவில்லை, ஆனால் முழு முழு வாக்கியமாக, நிறுத்தாமல். அவள் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள். முத்தம் கொடுக்கிற சத்தம் கேட்டிருந்தால்கூட இப்படி வயிறு எரிந்திருக்காது. எனக்குப் பத்தொன்பது வருஷத்தில் கிடைக்காததை எவளோ ஒருத்தி பட்டாணிக் கஞ்சி ஊற்றிக் கறந்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது அவள் வாசல் கால்மிதியில் என் எச்சில் ஒரு கோடு.

பிப்ரவரி 21, புதன்

எங்கள் துணிக்கூடையில் அவளுடைய மேசை விரிப்பு. நாலாக மடித்து. ஹோகன் மடித்திருக்கிறான், என் துண்டைக்கூட அவன் மடித்ததில்லை.

துவைப்பறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்:

'துவைப்பறை பொது. அடுத்தவர் வீட்டில் இருப்பது பொது அல்ல. தன் நேரத்துக்குத் தன்னுடையதைத் துவைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.'

பெயர் போடவில்லை. இந்தக் கட்டடத்தில் வருஷத்துக்குப் பத்துத் தாளாவது மொட்டையாக ஒட்டப்படும். எவரும் கண்டுபிடித்ததில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

காலை ஒன்பதுக்கு மணி அடித்தது. ரூனே. கையில் என் தாள், ஓரம் பிசகாமல் பிரித்தெடுத்திருந்தார்.

"இது உன்னுதுன்னு நினைக்கிறேன், இங்கெலா."

என்னுது இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிக் காட்டினேன். அவர் தாளையும் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரமாக இந்தக் கட்டடத்தில் எல்லோரிடமும் கையெழுத்தில்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

"நேத்து சாயங்காலமே எல்லாரும் படிச்சாச்சும்மா. தபால்காரி உட்பட," என்றார். "நாப்பது வருஷத்துல இவ்வளவு சுலபமா ஆளைக் கண்டுபிடிச்சதில்ல."

கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் போய் விழுந்தேன். முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, மரத்துப்போன என் முகத்தில் ஈ ஆடினாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

பிப்ரவரி 23, வெள்ளி

மன்னிப்பு எழுதி எடுத்துக்கொண்டு அனெலி வீட்டுக்குப் போனேன். மனசார இல்லை. ரூனேவின் பார்வைக்குப் பயந்துதான். அவள் தாளை வாங்கிப் படிக்காமல் மேசையில் வைத்தாள்.

"உக்காருங்க. ஹோகன் இங்க வந்து யாரைப் பத்திப் பேசறார்னு தெரியணும், அவ்வளவுதானே?"

யாரைப் பத்தி? என்று எழுதினேன்.

"ஒரு பொம்பளையைப் பத்தி. உண்மையைச் சொன்னா எனக்கே கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு. போன்ல போட்டோ வேற. படகுல ஒண்ணு. நண்டு விருந்துல வாய் நிறையத் தின்னுக்கிட்டு ஒண்ணு. பக்கவாட்டுல, மோவாய் மட்டும் வெளிச்சத்துல தெரியற மாதிரி ஒண்ணு. அது மட்டும் எட்டுத் தடவை காட்டிட்டார்."

குறிப்பேட்டை மடியில் கவிழ்த்தேன்.

"வீட்டுக்குப் போனா சோபாவுல வேற யாரோ உக்காந்திருக்காங்கறார். அழகாத்தான் இருக்கா, ஆனா எனக்குப் பழக்கம் இல்லங்கறார். பேச்சும் இல்ல, மூஞ்சியும் இல்ல, நான் எங்கே போய் அவளைத் தேடுவேன்னு கேக்கறார். நான் என்ன சொல்ல? கஞ்சி ஊத்துவேன்."

மேசை விரிப்பு? என்று எழுதினேன். வேறென்ன எழுத.

"அதுல அழுது மூக்கைச் சிந்திட்டார். துவைச்சுத் தரேன்னு கொண்டு போனார். துவைக்கத் தனியாப் போக முடியல அவரால, மெஷினுக்கு முன்னாடி உக்காந்தா யோசனை வருதாம். அதான் என் பூட்டையும் பக்கத்துல மாட்டச் சொன்னார்."

பிப்ரவரி 24, சனி

அடப்பாவி. பத்தொன்பது வருஷம். தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு அந்த மோவாயைத் திட்டியிருக்கேன், நீ பின்னாடி நின்னு 'ம்'னு சொல்லியிருக்கே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்திருந்தா —

இதையே பெரிய எழுத்தில் எழுதி அவன் தட்டின் மேல் வைத்தேன். ஏன் சொல்லவில்லை?

நெடுநேரம் படித்தான். பிறகு என் நெற்றியைப் பார்த்து, "சொன்னா நீ ஆபரேஷன் பண்ணிக்க மாட்டே," என்றான். "தினமும் ராத்திரி தாடை வலிக்குதும்பே. ரொட்டியைக்கூட உன்னால கடிக்க முடியாது. எனக்குப் பிடிச்சிருக்குங்கறதுக்காக நீ வலியோட இருக்கணுமா?"

இவ்வளவு நீளமாக அவன் என்னிடம் பேசியதே இல்லை. பதில் எழுதப் போய்ப் பென்சில் முறிந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

அவன் குளிக்கும்போது போனை எடுத்து அந்தப் படங்களைப் பார்த்தேன். முப்பத்தொன்று இருந்தன. எல்லாவற்றிலும் அவள், பழைய முகத்துக்காரி. வாயெல்லாம் பல்லாக, மோவாயை நீட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே. எப்போது எடுத்தான் என்றே தெரியவில்லை. அனெலி மேல் எனக்கு இருந்த பொறாமை ஒன்றுமே இல்லை. இவளை என்ன செய்வது? இவள் வீட்டுக் கதவில் காது வைக்க முடியாது, தாளும் ஒட்ட முடியாது. அவனை இவளிடமிருந்து பிடுங்க எனக்கு இருக்கிற ஒரே முகம் அவனுக்குப் பழக்கமில்லாத முகம்.

அழித்துவிடலாம் என்று விரல் போனது. அழிக்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் எழுதிக் கேட்டதால். மெல்லுகிற சத்தம் பரவாயில்லை.

மார்ச் 12, செவ்வாய்

வளையங்களைக் கழற்றிவிட்டார்கள். வாய் ஒரு விரல் அளவு திறக்கிறது. பேசலாம் என்றார் மருத்துவர். நாற்பத்தாறு வருஷம் வாய் ஓயாதவளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "நன்றி" என்றேன். 'ன்' மட்டும் சரியாக வந்தது.

மார்ச் 16, சனி

மூன்று நாளாகப் பேசிக்கொண்டே இருக்கிறேன். கொஞ்சம் குழறுகிறது, ஆனால் குரல் அதே குரல். அனெலியிடம் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இந்தத் தடவை மனசார. "எழுத்துலயே நல்லாத்தான் இருந்தது," என்று சிரித்தாள்.

இன்று மதியம், முன்பு முடி வெட்ட என் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் கதையை ஹோகனிடம் சொன்னேன். அவன் எதிரே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தூக்கம் என்று நினைத்தேன். இல்லை, முகம் அப்படியே இளகிப்போய், சரியான இடங்களில் சிரிக்கிறான். இடையில் ஒரு தரம், "அப்புறம்?" என்றுகூடக் கேட்டான். யாரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறான் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவளைத்தான். மூடின கண்ணுக்குள் அவள் உட்கார்ந்து என் குரலில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

கதை முடியும் மட்டும் விட்டுக்கொடுத்தேன். அவளுக்கு அவ்வளவு பாத்தியதை உண்டு.

பிறகு, "ஹோகன், இன்னொரு கதை இருக்கு," என்றேன். "ஆனா இதைக் கண்ணைத் திறந்துக்கிட்டுக் கேக்கணும்."

திறந்தான். முதலில் நெற்றி, பழக்கம்போல. அப்புறம் மூக்கு. அப்புறம் மெதுவாகக் கீழே வந்து மோவாயில் நின்றான். வெகுநேரம் பார்த்தான். கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"ம்," என்றான். பிறகு, "சொல்லு, கேக்கறேன்."