பஜாரை விட்டுப் போன பேருந்து

கும்மிடிப்பூண்டி,
16.11.2008

அன்பு மகள் ஜபீனுக்கு வாப்பா எழுதுவது. உன் மீதும் மருமகன் ரிஜ்வான் மீதும் பேத்தி ரமீஸா மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். உன் உம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கு அனைவரும் சுகம். மருமகனின் நெஞ்செரிச்சலைத் தவிர அங்கும் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு நாட்களாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பழவேற்காட்டிலிருந்து உன் மாமா ஹனீப் இறால் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த மாதம் ஷார்ஜா வரும் ஆள் மூலம் அனுப்ப வேண்டும் என்று உம்மா அதை மூன்று பைகளில் கட்டி வைத்திருக்கிறாள். ரமீஸாவுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டாயா என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதாததிலிருந்தே பதில் தெரிந்துவிட்டது. தொலைபேசியில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் நீ என்னை முடிக்க விடுவதில்லை. உம்மாவோ நான் கோபப்படுகிறேன் என்று பக்கத்தில் நின்று கையைப் பிடிக்கிறாள். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

சென்ற வெள்ளிக்கிழமை நீ பேசியபோது, கடையை எப்போது மூடப் போகிறீர்கள் வாப்பா, இது காலத்தின் போக்கு, ஷார்ஜாவில் பழைய கடைத்தெருக்களும் இப்படித்தான் காலியாகின்றன என்றாய். நீ அன்பினால் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை நான் ஏற்க முடியாது. நம் பஜாருக்கு நேர்ந்தது காலத்தின் போக்கு அல்ல மகளே. காலம் மனு எழுதுவதில்லை. இதற்கு ஒரு தேதி இருக்கிறது, அலுவலக முத்திரை இருக்கிறது, கீழே முப்பத்தெட்டுக் கையெழுத்துகள் இருக்கின்றன. இரண்டாவது கையெழுத்து என்னுடையது. மனுவும் என்னுடையதே. நீ திருமணமாகிப் போன மறுவருடம் நடந்த இதை இதுவரை உனக்கு முழுதாகச் சொல்லாததற்குக் காரணம் வெட்கம் ஒன்றுதான்.

பஜார் நடுவில், நம் ஜவுளிக் கடைக்கும் துளசிராமன் பாத்திரக் கடைக்கும் இடையில், பேருந்துகள் நின்றது உனக்கு நினைவிருக்கும். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் ஆரம்பாக்கம் பக்கம் போகிறவர்களும் அங்கே இறங்கி, அடுத்த பேருந்துக்காக நம் படிக்கட்டுகளில் உட்கார்ந்திருப்பார்கள். தொழிற்சாலை அழுக்கோடு வந்து வாசலை மறைக்கிறார்கள், வெற்றிலை துப்புகிறார்கள் என்று வியாபாரிகள் சங்கத்தில் பேச்சு எழுந்தது. சங்கத் தலைவர் துளசிராமன், நிறுத்தத்தைப் புறவழிச் சாலைச் சந்திப்புக்கு மாற்றக் கோரி மனுக் கொடுப்போம் என்றார். செயலாளரும் எம்.ஏ. படித்தவனுமான நான் எழுதுவதென்று முடிவாயிற்று. நான்கு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் இது: “காத்திருக்கும் கூட்டம் கடைகளின் முகப்பை மறைப்பதால் உண்மையான வாடிக்கையாளர்கள் உள்ளே வர இயலாத நிலை நிலவுகிறது.” கூட்டத்தில் இதை வாசித்தபோது கைதட்டினார்கள். ஒருவர் மட்டும் தட்டவில்லை. நம் கட்டடத்தின் மறுபாதியில் வாடகைக்கு ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஆரோக்கியமேரி, சங்கத்தில் உறுப்பினராக இல்லாததால் வாசலோரம் நின்றிருந்தவர், “பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பள சும்மாவா நிப்பா? வளையல பாப்பா, ரிப்பன பாப்பா. அந்தக் கூட்டத்தத்தான் வாடிக்கன்றது. அத தொரத்திட்டு யாருக்கு விக்கப் போறீங்க?” என்றார். துளசிராமன் சிரித்துக்கொண்டே, “மேரி, நீ போயி கடைய பாரு, காக்கா வளையல தூக்கிக்கினு பூடப் போவுது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றே மாதத்தில் மனு ஏற்கப்பட்டது. நிறுத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. வாசல் சுத்தமாயிற்று. முதல் வாரம் எல்லோரும் படிகளைக் கழுவிவிட்டு, அந்தச் சுத்தத்தைப் பார்த்து மகிழ்ந்தோம். பிறகு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்று நாற்பத்தொரு கடைகளில் பதினெட்டு மூடிக் கிடக்கின்றன. உன் கடிகாரத்துக்குப் பட்டை மாற்றும் கடை இல்லை. நீ பள்ளி நோட்டு வாங்கிய கடையில் இப்போது யாரோ சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இந்த வருடம் ரம்ஜானும் தீபாவளியும் ஒரே மாதத்தில் வந்தன. இரண்டுக்கும் சேர்த்து எடுத்த சரக்கில் பாதி, பெட்டி பிரிக்காமலே மேல்தட்டில் இருக்கிறது. போணி வழக்கம் உனக்கு மறந்திருக்காது. காலையில் முதல் வியாபாரம் ஆன கடைக்காரர், அடுத்து வருகிறவரைப் போணி ஆகாத பக்கத்துக் கடைக்கு அனுப்பிவைப்பது நம் தெருவில் மட்டும் உள்ள கட்டுப்பாடு. யாருக்கு ஆயிற்று, யாருக்கு ஆகவில்லை என்று கேட்டுவர உன்னைத்தான் அனுப்புவேன். பள்ளிக்கூடப் பையோடு “ஆச்சா, ஆச்சா” என்று கேட்டுக்கொண்டே ஓடுவாய். இப்போது பகல் சாப்பாட்டுக்குக் கடை சாத்தும்வரை பலருக்கும் ஆவதில்லை. அனுப்பிவைக்க ஆளும் இல்லை.

சென்ற வருடம் புறவழிச் சாலைச் சந்திப்பில், புது நிறுத்தத்துக்கு நேர் எதிரே, மூன்று மாடியில் ஒரு கடை திறந்தார்கள். பாத்திரம், துணி, மளிகை, பொம்மை, எல்லாம் ஒரே கூரையின் கீழ். அழைப்பிதழில் ‘ஜானகியம்மாள் வளாகம்’ என்றிருந்தது. ஜானகியம்மாள் துளசிராமனின் மாமியார். நான் விழாவுக்குப் போகவில்லை. மறுநாள் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய் அந்த இடத்துக்கு வில்லங்கச் சான்று கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் கிடைத்தது. நாம் மனுக் கொடுத்ததற்கு நான்கு மாதம் முன்பே அந்த மனை அந்த அம்மாள் பெயரில் பதிவாகியிருக்கிறது. அந்தத் தாளை நான் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். துளசிராமனைத் தேடிப் போய்ச் சத்தம் போடவில்லை. அவர் என்னைத் தேடி வருவார் என்று தெரியும். ஒரு வருடம் காத்திருந்தேன்.

செப்டம்பரில் வந்தார். நோன்புக் காலம் என்பதால் நான் தேநீர் அருந்தவில்லை, அவருக்கு மட்டும் வரவழைத்துக் கொடுத்தேன். “இன்னா பாய், இந்த வயசுல எதுக்கு ஈ ஓட்டிக்கினு குந்திக்கினு கீறீங்க? பொண்ணு ஃபாரின்ல கீது. கட்டடத்த எனக்குக் குடுத்துடுங்க, குடோனா வச்சிக்கிறேன், நீங்களும் அம்மாவும் ஏரோப்ளேன் ஏறிடுங்க” என்றார். ஆரோக்கியமேரியின் பாதியை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். “அது இன்னா பெரிய மேட்டரு, நடுவுல செவுர இட்ச்சிட்டா ஒரே ஹாலு” என்றார். நான் பெட்டியைத் திறந்து வில்லங்கச் சான்றை எடுத்து அவர் தேநீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் வாசித்தார். முகம் மாறவில்லை. “நெலம் வாங்கினேன், வாங்கறது ஒரு குத்தமா? மனு எழுதினது யாரு பாய்? அந்த மாதிரி எழுத எனக்கு வருமா?” என்றார். பிறகு தேநீரை முழுதும் குடித்துவிட்டுப் போனார். ஜபீன், அவர் மீது எனக்கிருக்கும் கோபம் என்றும் ஆறாது, ஆறவும் நான் விடப்போவதில்லை. ஆனால் மனுவை எழுதியது நான்தான். அவர் தன் பக்கத்துக்குக் காரியம் பார்த்தார். நான் எந்த லாபமும் இல்லாமல், நல்ல நடையில் எழுத வேண்டும் என்பதற்காக மட்டும் அதைச் செய்தேன்.

அன்று மாலையே ஆரோக்கியமேரி வந்து நின்றார். செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது. அவர் கணவர் சின்னதுரைக்கு உருக்கு ஆலையில் இரண்டு விரல் போன பிறகு வேலை இல்லை. இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த ஆறடிக் கடையிலிருந்துதான் நடக்கிறது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “குடுக்கறதா இருந்தா பொங்கலுக்கு மேல குடுங்க பாய். கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் எடுத்துட்டேன், அத மட்டும் வித்துக்கறேன்” என்றார். கொடுக்கப் போவதில்லை என்றேன். நிறுத்தத்தைத் திரும்பக் கேட்டு மனு எழுதப் போகிறேன், முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றேன். மூன்று முறை எழுதிக் காட்டினேன். மூன்றாவதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “எதுக்கு பாய் இத்தினி நீளம்? எங்க பஸ்ஸ எங்களாண்ட உடுங்கன்னா போதாதா?” என்றார். அரைப் பக்கமாகச் சுருக்கினேன். முன்பு கையெழுத்திட்ட முப்பத்தெட்டுப் பேரில் பதினோரு பேர்தான் இதில் கையெழுத்திட்டார்கள். மற்றவர்கள், இப்போது மாற்றிச் சொன்னால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றார்கள். கடை மூடினாலும் பரவாயில்லை, தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அக்டோபர் இருபதாம் தேதி, திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு, பெரியபாளையம் வழியாக நானும் ஆரோக்கியமேரியும் சின்னதுரையும் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். பகல் ஒரு மணிக்கு எங்களை அழைத்தார்கள். அதிகாரி இளைஞர், மரியாதையானவர். பழைய கோப்பை வரவழைத்து வைத்திருந்தார். அதிலிருந்து என் வாக்கியத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். உண்மையான வாடிக்கையாளர்கள் என்று வரும் இடத்தில் நிறுத்தி, அப்படியானால் இப்போது அவர்கள் வருகிறார்களா என்று கேட்டார். அறையில் இருந்த எழுத்தர் சிரித்தார். ஆரோக்கியமேரி உடனே, “அது பாய் எழுதினதுதான் சார், ஆனா பாயி நல்ல மனுசன், அப்ப வெவரம் தெரியல” என்றார். எம்.ஏ. படித்த ஐம்பத்தாறு வயது மனிதனுக்காக, எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண் மன்னிப்புக் கேட்டார். அதை நான் அனுமதிக்கவில்லை. எனக்கு விவரம் தெரியாமல் இல்லை, சொன்னவரை மதிக்காததால் வந்த தவறு, சொன்னவர் இவர்தான் என்றேன். அப்படியே எழுதித் தாருங்கள், பழைய மனு செல்லாது என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்றார் அதிகாரி. நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன். மனுவில் கூறியவை தவறு, நான் நேரில் பார்த்து எழுதவில்லை, என்று இரண்டு வரி. அதன் நகல் சங்கத்துக்கும் போகும், துளசிராமன் கைக்கும் போகும். போகட்டும்.

இம்மாதம் ஏழாம் தேதி உத்தரவு வந்தது. முழு வெற்றி என்று நினைத்துவிடாதே. ஷிப்ட் முடியும் நேரத்தில் நாளொன்றுக்கு இரண்டு பேருந்துகள் மட்டும் பஜார் வழியாகப் போகும்; மூன்று மாதத்துக்குப் பரிசோதனை; பயணிகள் வராவிட்டால் ரத்து. சென்ற வியாழக்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு முதல் பேருந்து வந்தது. தூறல். ஏழெட்டுப் பேர் இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்தார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய ஒரு பெண் மட்டும் தலையைத் துடைக்கக் கர்ச்சீப் வேண்டும் என்று அவசரமாக இறங்கி நம் படியில் ஏறினாள். அதே வண்டியில் ஆரம்பாக்கம் போக வேண்டியவள். அன்று எனக்குப் போணி ஆகவில்லை. ஆனால் எனக்கு ஆகிவிட்டது, பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா என்று சொன்னேன். பக்கத்திலிருந்து ஆரோக்கியமேரி, “எனக்குக் காலையிலயே ஆயிட்ச்சி, பாயாண்டயே வாங்கிக்கோம்மா” என்றார். அது பொய், காலை முதல் நான் வாசலில்தான் இருந்தேன். நான் மறுபடி அங்கே போகச் சொன்னேன். அவர் மறுபடி இங்கே திருப்பினார். அந்தப் பெண் இரண்டு படிகளுக்கும் நடுவில் மழையில் நின்றுகொண்டு, “இன்னா கடைங்க இது! துட்ட கையில வச்சிக்கினு நிக்கிறேன், ஒருத்தரும் விக்க மாட்டன்றீங்க! பஸ்ஸு பூட்டா நீங்களா கொண்டாந்து ஊட்ல உடுவீங்க?” என்று கத்தினாள். பேருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். நடத்துநர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் வேடிக்கை பார்த்தார். அப்படி வண்டி நின்ற இரண்டு நிமிடத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, “ண்ணா, மேல தொங்குதே பச்ச நைட்டி, அது எவ்ளோ?” என்று கேட்டாள். விலையைச் சொன்னேன். நாளைக்கு வருகிறேன், எடுத்து வையுங்கள் என்றாள். ஆரோக்கியமேரி என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை நான்கு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். கர்ச்சீப்பை அவரே விற்றார். வண்டி கிளம்பும் முன் இருவருமே ஆளுக்கொரு கர்ச்சீப்பை நீட்டினோம்; அவர் கைதான் முதலில் எட்டியது.

பச்சை நைட்டி வெள்ளிக்கிழமை போயிற்று. மூன்று மாதம் முடிய இன்னும் எண்பத்தேழு நாட்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கட்டடத்தை விற்க மாட்டேன் என்பது மட்டும் தெரியும். மருமகன் இரவில் காரம் சேர்க்காமல் பார்த்துக்கொள். ரமீஸாவுக்கு வாரம் ஒரு எழுத்தாவது சொல்லிக்கொடு. பெரிய நடை எதுவும் வேண்டாம், பார்த்ததைப் பார்த்தபடி எழுதத் தெரிந்தால் போதும். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் குறைவில்லாத ஆரோக்கியத்தையும் நிம்மதியான உறக்கத்தையும் தருவானாக. உம்மா தன் ஸலாமையும், கருவாட்டைக் கொண்டுவரும் ஆளின் பெயரை உடனே எழுதும்படியும் சொல்லச் சொன்னாள். ஒன்றை மறக்காதே: இனித் தொலைபேசியில் கடையை எப்போது மூடுவீர்கள் என்று கேட்காதே. சிறுமியாக இருந்தபோது கடை கடையாக ஓடிக் கேட்டாயே, அதைக் கேள். மேரியம்மாவுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும் வாப்பா,
மு. ஷாஹுல் ஹமீது