கம்பி வைத்த கால்

ஜூன் 8, ஞாயிறு
மாதா கோயில் பூசை முடிந்ததும், தேவி வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நரம்பைக் கடற்கரைக்குப் போனேன், அலைச்சறுக்குப் பழக. மார்ச்சிலிருந்து இதே பொய். ஆனால் அம்மாவின் பொய்க்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை. மூன்று வருடமாக எல்லாரிடமும் "ஜெயாவுக்குக் கால்ல கம்பி வெச்சிருக்கு" என்கிறாள். லாரி ஏறி, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்ட கால். இல்லாத காலில் எங்கே கம்பி வைப்பது? தரை தட்டப் புடவை கட்டிவிட்டு, செயற்கைக் கால் தெரிகிறதா என்று அவளே குனிந்து பார்ப்பாள்.

இன்றும் பலகையில் நிற்க முடியவில்லை.

ஜூன் 10
வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரே ஆதார் அட்டையை மூன்று முறை நகல் எடுத்தேன். முதலாளி முறைத்தார். மனசு கடலிலேயே கிடக்கிறது, என்ன செய்ய?

ஜூன் 22, ஞாயிறு
எங்களைப் போன்றவர்களுக்கான வகுப்பில் இன்று ஒன்பது பேர். மார்ச்சில் நானும் பக்கிரி அண்ணனும் மட்டும்தான். இப்போது மணலில் போகும் தடித்த டயர் நாற்காலிகூட வந்துவிட்டது. ஹரிஹரனுக்குக் கண் தெரியாது, பின்னாலிருந்து "இப்போ!" என்று கத்தினால் போதும், பாய்ந்துவிடுகிறான். ஆகஸ்டில் இதே கரையில் எங்களுக்கென்று முதல் போட்டி. நின்று, முட்டியிட்டு, உட்கார்ந்து, படுத்து என்று தனித்தனிப் பிரிவு.

சொல்லித் தரும் பிரிட்டோ, காலைக் கழற்றிவிட்டு முட்டி போடச் சொன்னான். "அதுலதான் ஒனக்கு பேலன்ஸு ஜெயா. நிக்கிறேன்னு யார்கிட்டப்பா பந்தயம் கட்ன?"

மாட்டேன் என்றேன். ஏன்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு வருடம் அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் முட்டியால்தான் தவழ்ந்தேன். யாராவது வந்தால் அம்மா கதவைச் சாத்துவாள். இத்தனை பேர் நடுவே மறுபடியும் அப்படியா? செத்தாலும் மாட்டேன். நிற்பேன்.

ஜூலை 6, ஞாயிறு
நின்றேன்! மூன்று வினாடி. பிறகு அலை புரட்டிப் போட்டது. நான் மேலே வந்தேன், கால் வரவில்லை. மாட்டியிருந்த உறை நழுவிச் செயற்கைக் கால் கடலோடு போய்விட்டது. எட்டுப் பேர் தேடினார்கள். "நானும் தேடட்டா?" என்றான் ஹரிஹரன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிரிட்டோ பைக்கில் கொண்டுவந்து விட்டான்.

"எங்கடி காலு?" என்றாள் அம்மா.

"கடல்ல."

"கடல்ல ஒனக்கு இன்னாடி வேல?"

எல்லாம் சொல்லிட்டேன். இப்பவும் திட்டிக்கிட்டேதான் இருக்குது. திட்டட்டும்.

ஜூலை 7
ஊன்றுகோலோடு கடைக்குப் போகக் கூடாதாம். தெருவே பார்க்குமாம். புதுக் கால் வர மாதக் கணக்காகும். அதுவரைக்கும் இந்தச் சுவத்தையே பாத்துக்கினு கெடக்கணுமா? பைத்தியம் புடிச்சிடும் எனக்கு.

ஜூலை 9
கால் கிடைத்தது! நரம்பை மீனவர் சுப்புராயன் அண்ணனின் வலையில் மத்தி மீனோடு வந்ததாம். பாகூர் மாதா கோயில் தெரு என்று பிரிட்டோ சொல்லியிருக்கிறான். காலை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டிருக்கிறார்: "இந்தக் காலுக்கார பொண்ணு வூடு எதும்மா?"

எதிர்வீட்டுச் சின்னபொண்ணு அக்காவே வாசல்வரை கூட்டி வந்தாள். பின்னால் பாதித் தெரு. "ரெண்டு நண்டு உள்ள பூந்துக்கிச்சும்மா, எடுத்துட்டேன்" என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஜூலை 10
அம்மா வாசல் கதவைத் திறக்கவே இல்லை.

ஜூலை 12
சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்தாளு கேட்டதும் எல்லாரும் கரீக்டா நம்ம வூட்டத்தான் காட்டியிருக்காங்க."

ஊருக்கே முன்பே தெரியும். அது தெரியாதது அம்மாவுக்கு மட்டும்தான்.

"மூணு வருஷமா யாருக்கோசரம்டி கதவ சாத்துனேன்?"

அவள் மேல் கோபம் வரவில்லை. அப்படியென்றால் நான் மட்டும் யாருக்காக நிற்கிறேன்?

ஜூலை 20, ஞாயிறு
முட்டி போட்டேன். முதல் அலையே கரைவரை கொண்டுவந்து விட்டது. இத்தனை நாள் வீம்பு பிடித்தேனே, கழுதை. அந்தப் பிரிவிலேயே பெயர் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9
நாளை போட்டி. "நீ வரியாம்மா?" என்றேன். "வேல கெடக்குது" என்றாள். சரி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
அம்மா வந்தாள், பூசைக்குக் கட்டிய புடவையோடு. ஒரே கூட்டம். என் பெயரைக் கூப்பிட்டதும் காலைக் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தேடும்போது அம்மா கையை நீட்டினாள். முந்தானையால் மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். மூடவில்லை.

மூன்று பேரில் மூன்றாவதாக வந்தேன். ஆனால் கடைசி அலையில் முட்டி போட்டபடி கரையைப் பார்த்தேனே, அத்தனை தலைக்கு நடுவிலும் அம்மாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. என் காலைத் தலைக்கு மேலே தூக்கி, "எம் பொண்ணு! எம் பொண்ணு!" என்று ஆட்டிக்கொண்டிருந்தாள்.